பாஸ்வேர்டை எழுதி வைக்காதேன்னு சொன்னவன் நான்தான்

எங்க வீட்டு பீரோவுல, அம்மாவோட பட்டுப்புடவைக்கு அடியில, ஒரு சிவப்பு அட்டை நோட்டு இருக்கு. டேனரில கணக்கு எழுதறவங்க வச்சிருப்பாங்களே, நீளமா, முதுகுல துணி ஒட்டினது, அதே நோட்டுதான். முதல் பக்கத்துல பிள்ளையார் சுழி. ரெண்டாவது பக்கத்துலேர்ந்து எங்க அப்பாவோட பாஸ்வேர்டுகள். பேங்க், பிஎஃப், எல்ஐசி, கேஸ், ஈபி, ரயில் டிக்கெட், வருமான வரி எல்லாம் இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் தேதி போட்டு, மாத்தினா பழசை ஒரே கோடா அடிச்சு, பக்கத்துல புதுசு. 31 வருஷம் தோல் கம்பெனில கணக்கு எழுதின கை. அடித்தல் திருத்தல்ல கூட ஒரு ஒழுங்கு இருக்கும்.

நான் பெங்களூர்ல பொட்டி தட்டிப் பொழைக்கிறவன். வார்த்தைக்கு வார்த்தை 'செக்யூரிட்டி'ன்னு பேசற கம்பெனி. அதனால ஊருக்கு வரும்போதெல்லாம் அந்த நோட்டைப் பார்த்து அப்பாவைத் திட்டியிருக்கேன். "பாஸ்வேர்டை யாராவது எழுதி வைப்பாங்களாப்பா? எவனாவது எடுத்தா என்ன ஆவும்?" அவரு கண்ணாடிக்கு மேல என்னைப் பார்த்துட்டு, "இன்னாடா ஆவும்? எவன் வந்து உங்கம்மா பீரோவைத் தொறப்பான்?"னு கேட்டுட்டு மறுபடி எழுத ஆரம்பிச்சுடுவாரு.

பதில் எனக்குத் தெரியாது. அதனால இன்னும் சத்தமா திட்டுவேன். படிச்ச பிள்ளைங்க எல்லாம் பண்றதுதானே :-)

இந்தப் பதிவு அந்தத் திட்டுக்கெல்லாம் சேர்த்து ஒரு மன்னிப்பு. கொஞ்சம் நீளம். டீ போட்டு வச்சிக்கிட்டு படிங்க.

முதல்ல என் யோக்கியதை

போன வருஷம் ஒரு ஞாயித்துக்கிழமை, மழை, வெளிய போக வழியில்ல. எனக்கு மொத்தம் எத்தனை இடத்துல கணக்கு இருக்குன்னு எண்ணிப் பார்த்தேன். நாற்பது ஐம்பது இருக்கும்னு நினைச்சு ஆரம்பிச்சேன். மெயில்ல 'வருக வருக'ன்னு வந்ததையெல்லாம் தேடித் தேடி எழுதினதுல 143ல நின்னுச்சு. கல்லூரிக் காலத்துல வேலை தேடின தளங்கள், ஒரே ஒரு தடவை சட்டை வாங்கின கடை, ஒரு தடவை பிரியாணி வரவழைச்ச செயலி, பாதிலயே விட்ட ஆன்லைன் வகுப்புகள். எங்க இன்ஜினியரிங் காலேஜ் மூணாவது வருஷத்துல இலவசமா இணையதளம் வைக்கலாம்னு திறந்த கணக்கு வேற.

143 கணக்குக்கும் நான் வச்சிருந்த பாஸ்வேர்டு எத்தனை? நாலு. அதுவும் நாலும் ஒரே குடும்பம். ஒரு வார்த்தை, ஒரு @, ஒரு வருஷம். தளம் முரண்டு பிடிச்சா கடைசியில ஒரு ஆச்சரியக்குறி. அப்பாவுக்கு 22 கணக்கு, 22 பாஸ்வேர்டு. எல்லாம் வேற வேற. ஏன்னா அவருக்கு ஞாபகம் வச்சிக்க வேண்டிய அவசியமே இல்ல. நோட்டு இருக்கு.

இதுல பாதுகாப்பா இருந்தது யாருன்னு இப்ப கேட்டா எனக்கே வெக்கமா இருக்கு.

எண்ணிப் பார்க்க வச்ச காரணத்தைச் சொல்லிடறேன். அதுக்கு ஒரு வாரம் முன்னாடி, ராத்திரி ஒண்ணரை மணிக்கு, எப்பவோ பொருள் வாங்கின ஒரு ஆன்லைன் கடையிலேர்ந்து 'உங்க ஆர்டர் உறுதியானது'ன்னு மெயில். நான் தூக்கத்துல இருக்கேன், எவனோ என் கணக்குல கிடந்த பரிசுக்கூப்பன் பணத்துல ஹெட்போன் வாங்கறான். தொகை பெருசில்ல. ஆனா அடுத்த பத்து நிமிஷத்துல என் மெயில் கணக்குக்குள்ள நுழைய மூணு முயற்சி. அங்கே ரெண்டாவது பூட்டு போட்டிருந்ததால தப்பிச்சேன். அது மட்டும் இல்லேன்னா இந்தப் பதிவோட தொனியே வேற மாதிரி இருந்திருக்கும்.

எவனும் என்னைக் குறி வச்சு வரல. எங்கயோ, எப்பவோ, ஏதோ ஒரு தளத்துலேர்ந்து மொத்தமா கசிஞ்ச பட்டியல்ல என் மெயிலும் பாஸ்வேர்டும் இருந்திருக்கு. அதை எடுத்து ஒரு நிரல் கடை கடையா போய்ப் போட்டுப் பார்க்குது. பத்து கதவுல ஒண்ணு திறந்தாலும் லாபம். சாவிக்கொத்தைத் தெருவுல கண்டெடுத்தவன் வரிசையா எல்லா வீட்டுக் கதவுலயும் நுழைச்சுப் பார்க்கற மாதிரிதான். ஒரு வித்தியாசம், இவன் ஒரு நிமிஷத்துல ஆயிரக்கணக்கான வீடு பார்ப்பான், நாய் குலைக்காது.

எனக்குத் துணை உண்டு

இது என்னைப் போல சில்லறைகளுக்கு மட்டும் நடக்கற விஷயம்னு நினைக்காதீங்க. 2017 மே மாசம் ஜொமாட்டோ நிறுவனத்துலேர்ந்து 1.7 கோடி பயனர்களோட தகவல் திருடு போச்சு. எப்படி நடந்ததுன்னு அவங்களே பின்னாடி விளக்கமா எழுதினாங்க. அதைப் படிச்சப்போ எனக்கு முதுகு சில்லுன்னு ஆச்சு. 2015ல 000வெப்ஹோஸ்ட்னு ஒரு இலவச இணையதளச் சேவையிலேர்ந்து ஒரு கோடிக்கு மேல கணக்குகள் கசிஞ்சுது. பாஸ்வேர்டெல்லாம் அப்பட்டமா, படிக்கற மாதிரியே வச்சிருந்தாங்க. ஜொமாட்டோவுல வேலை பார்த்த ஒரு மென்பொருள் ஆளுக்கு அங்கே ஒரு கணக்கு. அதே மெயில், அதே பாஸ்வேர்டை அவர் கிட்ஹப்லயும் வச்சிருந்தாரு. திருடன் அது வழியா உள்ள வந்து நிரல்களைப் படிச்சு, அதுல ஒரு ஓட்டையைக் கண்டுபிடிச்சு, அந்த ஓட்டை வழியா தகவல் கிடங்குக்கே போயிட்டான். (அந்த ஆளு பணம் கேக்கல. பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கறவங்களுக்குப் பரிசு தர்ற திட்டம் தொடங்குங்கன்னு கேட்டானாம். எல்லாரும் அவ்ளோ நல்லவனா இருக்க மாட்டான்.)

இலவச இணையதளச் சேவை. மாணவப் பருவத்துல திறந்து மறந்துபோற வகைக் கணக்கு. அந்த ஊழியரோட இடத்துல நான் இருந்திருக்கலாம். இதைப் படிக்கற உங்கள்ல பாதிப்பேர் இருந்திருக்கலாம்.

2016ல ஃபேஸ்புக் முதலாளி மார்க் ஸக்கர்பெர்க்கோட ட்விட்டர், பின்ட்ரஸ்ட் கணக்குகளையே கொஞ்ச நேரம் எவனோ கைப்பற்றினான். லிங்க்டின்லேர்ந்து கசிஞ்ச பட்டியல்ல கிடைச்ச பாஸ்வேர்டுன்னு கைவரிசை காட்டினவங்க சொன்னாங்க. 2021 மே மாசம் அமெரிக்காவோட கிழக்குக் கரைக்கு எரிபொருள் கொண்டுபோற கலோனியல் பைப்லைனே நின்னுச்சு. காரணம்? யாரும் பயன்படுத்தாத ஒரு பழைய கணக்கு, அதோட பாஸ்வேர்டு ஏற்கனவே கசிஞ்ச பட்டியல்கள்ல கிடந்தது, ரெண்டாவது பூட்டு இல்ல. 44 லட்சம் டாலர் கட்டி மீட்டாங்க.

உப்புப் போடாத தோல்

லிங்க்டின் கதையை எங்க ஊர்க்காரனுக்குச் சொல்றது ரொம்ப சுலபம். கேளுங்க.

பச்சைத் தோலை டிரம்ல போட்டு குரோம்ல பதனிட்டு எடுத்துட்டா, அதை மறுபடி பச்சைத் தோலா மாத்த முடியாது. ஒருவழிப் பாதை. ஒழுங்கான தளங்கள் உங்க பாஸ்வேர்டை இப்படித்தான் பதனிட்டு வைக்கும். நீங்க அடுத்த தடவை வந்து பாஸ்வேர்டு அடிக்கும்போது, அதையும் அதே மாதிரி பதனிட்டு, ரெண்டு தோலும் ஒண்ணா இருக்கான்னு பார்க்கும். மூலப் பாஸ்வேர்டு அங்கே இருக்கவே இருக்காது. இதுக்கு ஹாஷ்னு பேர்.

ஆனா திருடன் கில்லாடி. அவன் உலகத்துல எல்லாரும் வைக்கிற பத்து லட்சம் பாஸ்வேர்டை முன்கூட்டியே பதனிட்டுத் தன் குடோன்ல அடுக்கி வச்சிப்பான். திருடின தோலையும் தன் தோலையும் பக்கத்துல வச்சு ஒப்பிட்டா போதும், மூலம் எதுன்னு தெரிஞ்சுடும். இதைத் தடுக்க ஒவ்வொரு ஆளோட பாஸ்வேர்டுலயும் வேற வேற எழுத்துக்களைக் கலந்து பதனிடணும். இந்தக் கலவைக்குத் துறையில என்ன பேர் தெரியுமா? உப்பு! நிஜமாவே அதுதான் பேர். தோலுக்கு உப்புப் போடலேன்னா ரெண்டு நாள்ல அழுகிப் போகும்னு எங்க ஊர்ல பொடிப்பசங்களுக்கும் தெரியும். 2012ல லிங்க்டின் உப்புப் போடாம வச்சிருந்தாங்க. அப்போ 65 லட்சம்னு நினைச்சது, 2016ல பார்த்தா 11.7 கோடி பேரோட மெயிலும் பாஸ்வேர்டும் விற்பனைக்கு வந்துடுச்சு.

விஷயம் என்னன்னா, எந்தத் தளம் உப்புப் போடுது, எது போடலைங்கறது நமக்குத் தெரியவே தெரியாது. நம்ம கையில இருக்கற ஒரே ஒரு தற்காப்பு, ஒரு இடத்துச் சாவி இன்னொரு இடத்துல வேலை செய்யாம பார்த்துக்கறது. அதாவது 143 கணக்குக்கு 143 பாஸ்வேர்டு. இதை மனுஷ மூளையால செய்ய முடியாது. முடியும்னு சொல்றவன் பொய் சொல்றான், இல்லேன்னா கடைசியில வருஷத்தை மட்டும் மாத்தறான்.

தப்பு யாரு மேல?

ஜனங்க சோம்பேறிங்க, அதான் பெயர்@123னு வைக்கறாங்கன்னு எங்க துறையில எல்லாரும் சிரிப்போம். இதை நான் இப்ப ஒத்துக்கறதில்ல. ஜனங்களை அப்படி வைக்கப் பழக்கினதே எங்க ஆளுங்கதான்.

2003ல அமெரிக்காவோட தர நிர்ணய நிறுவனம் (நிஸ்ட்) ஒரு வழிகாட்டி போட்டுது. பில் பர்னு ஒருத்தர் எழுதினது. பெரிய எழுத்து வேணும், எண் வேணும், குறி வேணும், அப்பப்போ மாத்தணும்ங்கற பழக்கம் உலகம் பூரா பரவினதுக்கு அது முக்கியக் காரணம். பேங்க், காலேஜ், அரசாங்கத் தளம்னு ஒண்ணு விடாம பிடிச்சுக்கிட்டாங்க. 2017ல, ஓய்வு பெற்ற அப்புறம், அந்த பில் பரே தான் செஞ்சதுல பெரும்பகுதிக்கு இப்ப வருத்தப்படறதா பேட்டி கொடுத்தாரு. அதே வருஷம் நிஸ்ட் தன் வழிகாட்டியை மாத்தி எழுதிச்சு. காரணமில்லாம மாத்தச் சொல்லாதே, குறி வைன்னு கட்டாயப்படுத்தாதே, நீளம்தான் முக்கியம், ஏற்கனவே கசிஞ்ச பாஸ்வேர்டா இருந்தா மட்டும் மறுத்துடு. 2025ல வந்த புதுப் பதிப்புல இன்னும் கறாரா, பாஸ்வேர்டு மட்டுமே பூட்டா இருந்தா குறைஞ்சது 15 எழுத்துன்னு சொல்லியாச்சு.

ஆனா பாருங்க, நம்ம ஊர்ல இன்னிக்கும் எத்தனையோ தளங்கள் '8லேர்ந்து 12 எழுத்துக்குள்ள இருக்கணும், ஒரு குறி கட்டாயம், 3 மாசத்துக்கு ஒருதரம் மாத்து'ன்னு பாட்டு பாடுது. சிலதுல ஒட்டறதைக் கூட தடுத்துடுவாங்க, விரலால ஒவ்வொரு எழுத்தா அடிக்கணுமாம். 60 வயசு மனுஷன் கைபேசித் திரையில, பெரிய எழுத்து எங்கே இருக்குன்னு தேடித் தேடி அடிச்சு, மூணாவது தப்புல கணக்கு பூட்டிக்கும். அவர் என்ன செய்வாரு? எது சுலபமா அடிக்க வருமோ அதை வைப்பாரு. இல்லேன்னா நேரா பிரவுசிங் சென்டருக்குப் போவாரு.

எங்க ஊரோட உண்மையான பாஸ்வேர்டு பிரச்னை அங்கேதான் இருக்கு.

பாய் கடை நோட்டு

மேல்விஷாரத்துல, ஹைவேயை ஒட்டி, அப்துல் ஹக்கீம் காலேஜ் பக்கம் நாலு ஜெராக்ஸ் கடை இருந்தா அதுல ரெண்டு பிரவுசிங் சென்டரும் சேர்த்து நடத்தும். ஸ்காலர்ஷிப், பாஸ்போர்ட், பிஎஃப், ரேஷன் கார்டு திருத்தம், பட்டா, வாக்காளர் அட்டை எல்லாம் அங்கேதான். டேனரில வேலை செய்யற அம்மாக்கள், ஷூ கம்பெனில அப்பர் தைக்கற பொண்ணுங்க, கல்ஃப்ல இருக்கற புருஷனுக்காக வர்றவங்க, எல்லாருக்கும் கணக்கு திறந்து கொடுக்கறது கடைக்கார பாய்தான்.

எனக்குப் பள்ளிக்கூடத்துலேர்ந்தே தெரிஞ்ச ஒரு பாய் இருக்காரு. நல்ல மனுஷன். காசில்லாதவங்களுக்கு சும்மாவே போட்டுக் கொடுப்பாரு. அவர் மேசையிலயும் ஒரு நோட்டு இருக்கு. ஊர்ல பாதிப்பேரோட பாஸ்வேர்டு அதுல. கேட்டேன், "பாய், இது தப்பில்லையா?" அவர் சிரிச்சாரு. "தம்பி, அவங்க மறந்துட்டு என்கிட்டதானே வர்றாங்க? நோட்டு இல்லேன்னா நான் எங்க போவேன்? எல்லாத்துக்கும் ஒரே மாதிரிதான் வைக்கிறேன். ஆளோட பேரு, அட் போட்டு, 123."

எல்லாத்துக்கும் ஒரே மாதிரி! ஒருத்தரோட பாஸ்வேர்டு தெரிஞ்சா, பேரை மாத்திப் போட்டா ஊரே திறந்துக்கும்.

ஆடிட்டர் ஆபீஸ்லயும் இதே கதைதான். சின்னச் சின்ன ஜாப் ஒர்க் யூனிட்டுங்க, கையுறை தைக்கறவங்க, தோல் துண்டு வாங்கி விக்கறவங்க, எல்லாரோட ஜிஎஸ்டி கணக்கும் வருமான வரிக் கணக்கும் ஒரே எக்ஸெல் தாள்ல. அந்தத் தாளை ஆபீஸ்ல வேலை பார்க்கற எல்லாரும் திறக்கலாம். வேலையை விட்டுப் போனவர் கூட ஒரு நகல் வச்சிருக்கலாம். மொதலாளிக்குத் தன் ஜிஎஸ்டி பாஸ்வேர்டு என்னன்னே தெரியாது. கேட்டா, "அதெல்லாம் ஆடிட்டர் பார்த்துப்பாரு"ம்பாரு.

ஆடிட்டரையோ பாயையோ நான் குறை சொல்லல. ஆனா ஒரே கையில நூறு சாவி இருந்தா, அந்த ஒரு கை தவறினா நூறு வீடும் போகும். பெரிய இடத்துலயும் இதான் நிலைமை. 2024 மே மாசம் தமிழ்நாடு காவல்துறையோட முக அடையாளம் காணும் மென்பொருள் தளத்துல ஊடுருவல் நடந்தப்போ, ஒரு அட்மின் கணக்கோட பாஸ்வேர்டு வெளியாள் கைக்குப் போயிருக்குன்னு காவல்துறையே அறிக்கை விட்டுது. காவல்துறைக்கே அப்படின்னா, பாய் கடை நோட்டுக்கு என்ன சொல்ல.

அப்பா விழுந்த நாள்

இனிமே எழுதறது கொஞ்சம் கஷ்டமான பகுதி.

ஹெட்போன் சமாசாரம் நடந்து நாலஞ்சு மாசம் இருக்கும். விடியக்காலை அஞ்சு மணிக்கு அம்மாவோட போன். "டேய், அப்பாவுக்கு நெஞ்சு வலி. வேலூருக்குக் கூட்டிகினு போறோம். நீ வந்துடு." நான் பெங்களூர்லேர்ந்து கிளம்பி ஆம்பூர் தாண்டும்போது மறுபடி போன். ஆஸ்பத்திரில இன்ஷூரன்ஸ் நம்பர் கேக்கறாங்க, கார்டு கேக்கறாங்க, அப்பா ஐசியூல இருக்காரு, பேச முடியாது.

எனக்கு ஒண்ணும் தெரியாது. அப்பா எந்தக் கம்பெனில பாலிசி எடுத்திருக்காருன்னு கூட தெரியாது. 143 கணக்கு வச்சிருக்கற மகனுக்கு அப்பாவோட ஒரு பாலிசி நம்பர் தெரியாது.

அம்மாதான் சொன்னாங்க, "இருடா, நோட்டு எடுத்துகினு வந்திருக்கேன்." பதட்டத்துல செருப்பைக் கூட மாத்திப் போட்டுட்டு ஓடின பொம்பளை, அந்த நோட்டை மட்டும் மறக்காம பையில போட்டுக்கிட்டு வந்திருக்காங்க. ஏழாம் பக்கத்துல பாலிசி நம்பர், தளத்தோட பேர், பாஸ்வேர்டு. ஓடிபி வந்தது அப்பா போனுக்கு. போனைத் திறக்கற நாலு எண் கடைசிப் பக்கத்துல. நான் வாணியம்பாடி பக்கத்துல வண்டில இருக்கும்போதே கார்டு இறங்கி வந்தாச்சு, அம்மா அதை ஆஸ்பத்திரில காட்டியாச்சு. அதாவது, பத்தாவது படிச்ச எங்கம்மா, ஒரு கணக்கு நோட்டை வச்சிக்கிட்டு, அரை மணி நேரத்துல.

ஒரு நிமிஷம், ஆம்பூர் தாண்டி அப்புறம் வாணியம்பாடி எப்படி வரும்னு வேலூர்க்காரங்க கேப்பீங்க. சரிதான், பெங்களூர்லேர்ந்து வர்றப்போ வாணியம்பாடிதான் முதல்ல வரும். எனக்கு அன்னிக்கு எது எங்கே நடந்ததுன்னு இப்பவும் வரிசையா ஞாபகத்துல இல்ல. விடுங்க.

அப்பா பொழைச்சுக்கிட்டாரு. ஒன்பது நாள் கழிச்சு வீட்டுக்கு வந்தாரு.

எனக்கு ஒரு யோசனை மட்டும் போகவே இல்ல. அன்னிக்கு விழுந்தது நானா இருந்திருந்தா? என் வீட்டுல யாருக்கு என்ன தெரியும்? என் பாஸ்வேர்டு நாலும் என் தலைக்குள்ள. 'பாதுகாப்பா'. எங்கம்மா பேங்குக்கும் ஆபீஸுக்கும் வருஷக்கணக்கா அலைஞ்சிருப்பாங்க.

நோட்டுலயும் குறை இல்லாம இல்ல. அப்பாவோட ஒரு பேங்க் கணக்கு அவரோட பழைய நம்பர்ல இருந்துச்சு. ரீசார்ஜ் பண்ணாம விட்டு அந்த நம்பர் போயே போச்சு. பாஸ்வேர்டு கையில இருக்கு, ஓடிபி எங்கயோ போகுது. மாத்தறதுக்குக் கிளைக்கு நாலு நடை. இது வெறும் அலைச்சல் மட்டும் இல்ல, ஆபத்தும்கூட. நின்னுபோன நம்பரைக் குறைஞ்சது 90 நாள் கழிச்சு வேறொருத்தருக்குக் கொடுக்கலாம்ங்கறதுதான் நடைமுறை. 2023ல உச்ச நீதிமன்றத்துலயே டிராய் இதைச் சொல்லிச்சு. உங்க பழைய நம்பர் இன்னிக்கு யார் கையில இருக்கோ, உங்க ஓடிபியும் அவர் கைக்குத்தான் போகும். கல்ஃபுக்குப் போறவங்க நம்ம பக்கத்துல எத்தனை பேர்! இங்கத்து சிம்மை அணைச்சு வச்சுட்டுப் போறவங்க இதைக் கொஞ்சம் கவனிங்க.

சரி, என்னதான் பண்ணச் சொல்றே?

அப்பா கேட்ட கேள்விக்கு இப்ப பதில் தெரியும். எவன் வந்து பீரோவைத் தொறப்பான்? பட்டியல் வச்சிக்கிட்டு உலகம் பூரா கதவைத் தட்டறவனால மேல்விஷாரத்துல ஒரு பீரோவைத் தொறக்க முடியாது. பீரோவைத் தொறக்கற உள்ளூர்த் திருடன் நகையை எடுப்பான், கணக்கு நோட்டைப் புரட்டிப் பார்க்க உக்கார மாட்டான். பாதுகாப்பு நிபுணர் ப்ரூஸ் ஷ்னையர் 2005லயே சொன்னாரு, ஞாபகம் வைக்க முடியாத அளவுக்கு நல்ல பாஸ்வேர்டா வை, காகிதத்துல எழுதி பர்ஸ்ல வச்சிக்கோ, சின்னக் காகிதத்தைப் பத்திரமா வைக்கறது மனுஷனுக்குக் கைவந்த கலைன்னு. அப்பா ஷ்னையரைப் படிச்சதில்ல.

எனவே என் கட்சி இதுதான். வீட்டுல இருக்கற பெரியவங்களுக்கு நோட்டுதான் சரி. எழுதட்டும். ஆனா அந்த நோட்டு வீட்டுல இருக்கட்டும், கடை மேசையில வேணாம். பாய் கடையில கணக்கு திறந்தா, வீட்டுக்கு வந்த உடனே பிள்ளைங்க யாராவது உக்கார்ந்து பாஸ்வேர்டை மாத்தி நோட்டுல எழுதிடுங்க. பாய் கோச்சுக்க மாட்டாரு, நான் கேட்டுட்டேன் :-)

நம்மள மாதிரி நூத்துக்கணக்குல வச்சிருக்கறவங்களுக்கு நோட்டு பத்தாது. பாஸ்வேர்டு மேனேஜர் வச்சிக்கோங்க. அதுவே ஒவ்வொண்ணுக்கும் கோணல்மாணலா ஒரு பாஸ்வேர்டு போட்டு, பூட்டி வச்சிக்கும். பிட்வார்டன், கீபாஸ் ரெண்டும் இலவசமாவே கிடைக்கும். "அதையே திருடினா?"னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. 2022ல லாஸ்ட்பாஸ் நிறுவனத்துலேர்ந்து வாடிக்கையாளர்களோட பூட்டின பெட்டகங்களையே அள்ளிக்கிட்டுப் போனாங்க. பூட்டு வலுவா இருந்தவங்க பெட்டகத்தைத் தொறக்கறது ரொம்பக் கஷ்டம், தலைமைப் பாஸ்வேர்டு சொத்தையா இருந்தவங்கதான் மாட்டற நிலைமை. அதனால அந்த ஒரே ஒரு பாஸ்வேர்டை மட்டும் ஒழுங்கா வைங்க.

எப்படி? தாயக்கட்டையை உருட்டுங்க! விளையாட்டில்ல. ஆர்னால்டு ரைன்ஹோல்டுன்னு ஒருத்தர் 1995லயே சொன்ன வழி. ஆறு பக்கப் பகடையை அஞ்சு தடவை உருட்டினா 7,776 விதமா விழும். 7,776 வார்த்தை இருக்கற ஒரு பட்டியல்லேர்ந்து அதுக்கு நேரா இருக்கற வார்த்தையை எடுக்கணும். நாலு வார்த்தை எடுத்தா 3,656 லட்சம் கோடி சேர்க்கை. அஞ்சாவது வார்த்தை சேர்த்தா அதைப் போல 7,776 மடங்கு. ஒண்ணு கவனிங்க, வார்த்தையை நீங்க தேர்ந்தெடுக்கக் கூடாது, பகடைதான் தேர்ந்தெடுக்கணும். நாம தேர்ந்தெடுத்தா எல்லாரும் ஒரே சினிமாப் பாட்டுதான் வைப்போம்.

எல்லாத்துக்கும் முன்னாடி மெயில். உங்க எல்லாக் கணக்குக்கும் 'மறந்துட்டேன்' பொத்தான் அங்கேதான் வந்து நிக்குது. அதுக்குத் தனிப் பாஸ்வேர்டு, ரெண்டாவது பூட்டு. அந்த ரெண்டாவது பூட்டுதான் அன்னிக்கு ராத்திரி என்னைக் காப்பாத்துச்சு. அதுல மீட்பு நம்பரா இருக்கறது இப்ப உயிரோட இருக்கற நம்பர்தானான்னு இன்னிக்கே பாருங்க. ட்ராய் ஹன்ட்ங்கற ஆஸ்திரேலியக்காரர் 2013லேர்ந்து நடத்தற 'ஹேவ் ஐ பீன் போன்ட்' தளத்துல உங்க மெயிலைப் போட்டா எந்தெந்தக் கசிவுல மாட்டியிருக்குன்னு சொல்லும். நான் போட்டேன். பதினொண்ணு.

பாஸ்கீன்னு புதுசா ஒண்ணு வந்திருக்கு. 2022லேர்ந்து ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூணு பேரும் தூக்கிப் பிடிக்கறாங்க. பாஸ்வேர்டே கிடையாது, போனுக்குள்ள ஒரு ரகசியச் சாவி, கைரேகை வச்சா வேலை செய்யும். தளத்துல திருட ஒண்ணும் இருக்காது. நல்ல விஷயம், கிடைக்கற இடத்துல போட்டுக்கோங்க. ஆனா அப்பா ஐசியூல படுத்திருக்கும்போது அவர் கைரேகையை எங்கம்மா எங்கே போய் எடுப்பாங்கங்கற கேள்வி எனக்கு இருக்கு. அதுக்கும் ஒரு வழி இந்த நிறுவனங்கள் எல்லாரும் யோசிக்கணும். பாதுகாப்புன்னா வெளியாளைத் தடுக்கறது மட்டுமே இல்ல. உள்ளாளுக்கு அவசரத்துல கதவு திறக்கணும். எங்க துறை முதல் பாதியை மட்டும்தான் படிச்சிருக்கு.

கடைசியா

போன மாசம் ஊருக்குப் போயிருந்தப்போ ஆற்காட்டுல ஒரு ஸ்டேஷனரி கடையில ஒரு நோட்டு வாங்கினேன். அதே நீளம், அதே சிவப்பு அட்டை. என் மேனேஜரோட தலைமைப் பாஸ்வேர்டு, மெயிலோட மீட்பு எண்கள், ஆபீஸ் இன்ஷூரன்ஸ், பேங்க் விவரம், எல்லாம் என் கோழிக்கிறுக்கல்ல எழுதி அப்பாகிட்ட கொடுத்தேன்.

அவர் கண்ணாடி போட்டுப் புரட்டிப் பார்த்தாரு. "பாஸ்வேர்டை யாராவது எழுதி வைப்பாங்களாடா?"ன்னாரு. சிரிக்கவே இல்ல.

அப்புறம் பேனா எடுத்து, நான் தேதி போடாம விட்ட இடத்துக்கெல்லாம் தேதி போட்டாரு. அம்மா வாங்கி ரெண்டு நோட்டையும் சேர்த்து புடவைக்கு அடியில வச்சுட்டாங்க.

டிஸ்கி 1: எந்த பீரோ, எந்தப் புடவைன்னு சொல்ல மாட்டேன் :-)

டிஸ்கி 2: இதைப் படிச்சு முடிச்ச கையோட, உங்க அப்பா அம்மாவுக்கு ஒரு போன் போட்டு, மருத்துவ இன்ஷூரன்ஸ் நம்பர் எங்கே இருக்குன்னு மட்டும் கேளுங்க. மத்ததெல்லாம் மெதுவா பண்ணிக்கலாம்.